பேசும் கையுறை

மக்கள் தம் கருத்தைப் பிறர்க்குப் புலப்படுத்துதற்கு வாயொன்றையே கருவியாகக் கொண்டாரல்லர். 'வருக' என்பதனைக் கையசைவாலும், 'வேண்டா' என்பதனைத் தலையசைவாலும், வியப்பினைப் புருவத்தாலும் உணர்த்துதல் உலகியற்கை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டிற்கெனத் தனியே ஓர் இயல் வகுத்தமையும் இங்கு நினைத்தற்குரியது. இங்ஙனம் உடலால் உணர்த்தும் குறிப்பினைக் கருவி ஒன்று அறிந்துகொள்ளுமாறு செய்ய இயலுமோ என்னும் எண்ணம், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் சிலர்க்கு எழுந்தது. அதன் பயனாகத் தோன்றியவற்றுள் ஒன்று, கையில் அணியும் உணர்கருவியாகிய கையுறை. அதன் வரலாற்றையும், அவ்வரலாறு மாணவர்க்குக் கற்பிக்கும் பாடத்தையும் இனிக் காண்போம்.

1977ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரிலுள்ள இல்லினாய் பல்கலைக் கழகத்தில், டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபாண்டி என்னும் இருவர், ரிச் சேயர் என்பார் கூறிய கருத்தைத் தழுவிக் கையுறை ஒன்று செய்தனர். வளையுந்தன்மையுள்ள குழாய்களை அதன் விரல்களிற் பொருத்தினர். குழாயின் ஒரு முனையில் சிறு விளக்கும், மறுமுனையில் ஒளியை உணரும் கருவியும் இருந்தன. விரல் நிமிர்ந்திருப்பின் ஒளி தடையின்றிச் செல்லும். விரல் மடங்கின் ஒளி குறையும். குறைந்த அளவைக் கொண்டு, விரல் எவ்வளவு மடங்கிற்று என்பதைக் கணிப்பொறி அறிந்தது.

இக்காலத்துக் கையுறைகள் பலவற்றில் விளக்கிற்கு மாறாக மெல்லிய பட்டை ஒன்று விரலின்மேற் பொருத்தப்படுகின்றது. அப்பட்டை வளையுந்தோறும் அதன் மின்தடை மாறும். கை எத்திசையில் விரைகின்றது, எப்பக்கம் திரும்புகின்றது என்பவற்றை அளக்கும் நுண்கருவிகளும் உடன் இருக்கும். இவை தரும் எண்களையெல்லாம் சிறியதொரு கணிப்பொறி திரட்டி, முன்னரே பதிந்து வைத்துள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, 'இஃது இன்ன குறி' என முடிவு செய்யும். இவ்வமைப்புக்கு வேண்டும் உறுப்புகள் நாளடைவில் விலை குறைந்து கிடைத்தமையின், மாணவரும் கையுறை செய்யத் தலைப்பட்டனர்.

அங்ஙனம் செய்தவருள் ஒருவர் ரையான் பேட்டர்சன் என்னும் அமெரிக்கப் பள்ளி மாணவர். காது கேளாதார் சிலர் உணவு விடுதி ஒன்றில் தமக்கு வேண்டியவற்றைப் பிறர் ஒருவரின் வாய்வழியாகவே கேட்டுப் பெறுவதைக் கண்டார். அவர்கள் தாமே கேட்டுப் பெற வழி ஒன்று காணல் வேண்டும் என்று எண்ணினார். கால்ஃப் ஆடுவோர் அணியும் தோற்கையுறை ஒன்றில் உணர்கருவிகளைத் தைத்து, விரல்களால் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டும் குறிகளைச் சிறு திரையில் எழுத்தாகத் தோன்றச் செய்தார். 2001ஆம் ஆண்டு நடந்த சீமன்ஸ் வெஸ்டிங்ஹவுஸ் அறிவியற் போட்டியில் அவருக்கு 1,00,000 டாலர் கல்வி உதவித் தொகை பரிசாகக் கிடைத்தது.

2016ஆம் ஆண்டில், சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்து மாணவர் இருவர் இதனினும் பெரியதொரு முயற்சியை மேற்கொண்டனர். 'சைன் அலவுட்' என்னும் பெயரால் அவர்கள் செய்த இரு கையுறைகள், அமெரிக்கச் சைகைமொழிக்குரிய குறிகளை உணர்ந்து, கம்பியின்றிக் கணிப்பொறிக்கு அனுப்பும். கணிப்பொறி அவற்றை ஆங்கிலச் சொற்களாக ஒலிக்கும். அவர்கட்கு 10,000 டாலர் கொண்ட லெமல்சன் பரிசு வழங்கப்பட்டது. 'காது கேளாதார் இனித் தடையின்றிப் பேசுவர்' எனச் செய்தித்தாள்கள் புகழ்ந்தன.

ஆயின், அப்புகழுரை காது கேளாதார் பலர்க்கு மகிழ்ச்சி தரவில்லை. அப்பல்கலைக் கழகத்திலேயே சைகைமொழி கற்பிக்கும் ஆசிரியரும் மொழியியல் அறிஞரும் அதனை மறுத்து வெளிப்படையாக மடல் ஒன்று எழுதினர். பிறர்க்கு உதவும் நோக்குடன் செய்த பொருளை, அவ்வுதவிக்கு உரியாரே மறுத்தது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் உயிர்நாடியாகும்.

சைகைமொழி என்பது கைகளால் மட்டும் பேசப்படுவதன்று. வாஷிங்டன் நகரத்துக் காலடெட் கல்லூரிப் பேராசிரியராகிய வில்லியம் ஸ்டோக்கி 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், கையின் வடிவு, அது நிற்கும் இடம், அசையும் முறை என்னும் மூன்று கூறுகளால் ஒவ்வொரு குறியும் அமைவதனைப் புலப்படுத்தினார். அதுகாறும் வெறுங் கையசைவு என்று எண்ணப்பட்டது தனக்கென இலக்கணமுடைய மொழியே என்பது அதன்பின் தெளிவாயிற்று. பின்வந்தோர் முகத்தின் பங்கினையும் விளக்கினர். அமெரிக்கச் சைகைமொழியில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடையை வேண்டும் வினாவிற்குப் புருவம் உயரும். 'யார்', 'எங்கே' என்பன போன்ற வினாக்களுக்குப் புருவம் நெரியும். எதிர்மறைக்குத் தலை அசையும். 'கொடு' என்னும் குறி பேசுவோனிடமிருந்து கேட்போனை நோக்கிச் செல்லின் 'நான் உனக்குக் கொடுக்கின்றேன்' என்றாகும். திசை மாறின் 'நீ எனக்குக் கொடு' எனப் பொருளும் மாறும். கையுறையோ முகத்தைக் காண்பதில்லை. வினா எது, விடை எது என்று அறியாத ஒன்றை மொழிபெயர்ப்பாளர் எனக் கூறல் பொருந்துமோ?

மற்றுமொரு குறையும் உண்டு. கையுறை காது கேளாதாரின் குறியைக் கேட்போர்க்கு ஒலியாக்கித் தந்ததேயன்றிக் கேட்போரின் பேச்சைக் காது கேளாதார்க்குக் குறியாக்கித் தந்திலது. உரையாடல் இருவழிப் பாதை; கையுறை ஒருவழியையே திறந்தது. அதனை அணியும் சுமையும் காது கேளாதார் தலைமேலேயே வீழ்ந்தது.

இக்குறைகளை உணர்ந்தார்போலும், 2020ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர் கையுறையோடு அமையாது, புருவங்களிடையிலும் வாயருகிலும் உணர்பட்டைகளை ஒட்டி ஆராய்ந்தனர். அவர்தம் கருவி 660 குறிகளை அறிந்தது. குறிகளை அறிதல் மொழியை அறிதற்கு ஒரு படியே. அகராதியை மனப்பாடம் செய்தவன் புலவனாகிவிடான் அன்றோ?

இதனால் உணர்கையுறை பயனற்றது என்று கொள்ளல் தவறு. கருவிகட்குக் கட்டளையிடுதல் வேறு; மக்கள் பேசும் மொழியைப் பெயர்த்தல் வேறு. முன்னதற்குச் சில குறிகளே போதும். படுக்கையிற் கிடக்கும் நோயாளி ஒருவர் விரல் மடக்கின் மணி ஒலிக்கவும், கை திருப்பின் விளக்கு எரியவும் செய்தல் பள்ளி மாணவர்க்கும் இயலும் செயலாகும்.

அத்தகைய ஒன்றை நீவிர் செய்ய முற்படின், கம்பியையும் பட்டையையும் வாங்குமுன் அந்நோயாளியின் அருகிற் சென்று அமர்க. அவர்க்கு உண்மையில் வேண்டுவது யாது என்று வினவுக. எவ்விரலை அவர் வருத்தமின்றி மடக்க இயலும், உறக்கத்தில் கை புரண்டால் மணி வீணே ஒலிக்குமோ, நெடுநேரம் அணிந்தால் வியர்க்குமோ, தாமே கழற்ற இயலுமோ என்பவற்றை ஆராய்க. செய்து முடித்தபின் அவர் கையிற் கொடுத்துப் பார்த்து, அவர் கூறும் குறைகளை முகங்கோணாது கேட்டுத் திருத்துக. ஐந்து குறிகளை அறியும் கருவியை 'ஐந்து குறிகளை அறியும் கருவி' என்றே கூறுக. அதனினும் மிகுத்துக் கூறற்க.

கருவி செய்யும் திறம் கையில் உள்ளது. எதனைச் செய்வது என்னும் தெளிவோ பிறர் கூறுவதைக் கேட்பதனால் வருவது. காது கேளாதார்க்காகக் கருவி செய்யப் புகுந்தோர் முதலில் அவர் கூறுவதைக் கேட்டிலர் என்பதே இவ்வரலாறு நமக்குக் காட்டும் உண்மையாகும்.

பயிற்சி

1. கையுறை விரலின் மடக்கத்தை எவ்வாறு அறிகின்றது? பழைய முறையையும் புதிய முறையையும் ஒப்பிட்டு எழுதுக.
2. 'கையுறை முகத்தைக் காண்பதில்லை.' இக்கூற்றின் பொருளை விளக்குக.
3. உம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அவர்க்கு நாள்தோறும் அரிதாக உள்ள செயல் யாது என வினவி, அதற்கேற்ற அணிகருவி ஒன்றை ஒரு பக்க அளவில் வரைந்து விளக்குக.