ரோபோ வாங்கினால் ஓவல் போகுமா?

கேள்வி: ஐயா, எங்களுடையது பட்டு நெசவுக் குடும்பம். நான் ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடத்தில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக இரண்டு சி.என்.சி. லேத் ஓட்டுகிறேன். 40 மி.மீ. வெளிவிட்டம், 1 மி.மீ. சுவர் உள்ள அலுமினிய வளையம் ஒன்று செய்கிறோம். உள்விட்டத்துக்கு 20 மைக்ரான்தான் டாலரன்ஸ். நாங்கள் அளந்தால் சரியாக இருக்கும் ஜாப், கஸ்டமரிடம் போனதும் 'ரவுண்டு இல்லை' என்று திரும்பி வருகிறது. ஆள் கை பட்டு அமுங்குகிறது, ரோபோ போடுங்கள் என்கிறார் விற்க வந்தவர். போடலாமா? ரோபோவே மெட்டலை வெட்டவும் செய்யுமாமே?
வாசகர் ஒருவர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் வளையத்தை அமுக்குவது பெரும்பாலும் ஆபரேட்டரின் விரல் இல்லை, மூன்று ஜா சக்.

சக் இறுகும்போது மெல்லிய வளையம் மூன்று இடத்தில் உள்ளே போகிறது. அந்த நிலையிலேயே போர் அடிக்கிறீர்கள். உள்விட்டம் அச்சு அசலாக வட்டமாக வருகிறது. சக்கைத் தளர்த்தியதும் வளையம் பழைய நிலைக்குத் திரும்ப, போர் மும்முனைக் கோணலாகி விடுகிறது. இதில் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. இந்தக் கோணலை எதிரெதிர் இரண்டு புள்ளியில் அளக்கும் போர் கேஜ் காட்டிக்கொடுக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே விட்டம்தான் சொல்லும். மூன்று புள்ளி உள் மைக்ரோமீட்டரை விட்டு, 60 டிகிரி திருப்பிப் பாருங்கள். ரீடிங் மாறினால் குற்றவாளி சக்தான்.

அலுமினியத்தில் சாஃப்ட் ஜா செய்து, வளையத்தை முக்கால்வாசிச் சுற்றுக்கு மேல் அணைக்கும்படி அகலமாக, ஜாபின் விட்டத்துக்கே போர் அடித்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் பிரஷரைக் குறையுங்கள். ரஃபிங் முடிந்ததும் ஒருமுறை தளர்த்தி, லேசாகப் பிடித்து ஃபினிஷிங் எடுங்கள். இன்செர்ட் அலுமினியத்துக்கென்றே தீட்டிய கூர்மையானதாக, நோஸ் ரேடியஸ் சிறியதாக இருக்கட்டும். சுவரைத் தள்ளும் விசை குறையும். பிடி சரியாக அமைந்துவிட்டால் மெல்லிசாக இருப்பது பெரிய தடையில்லை. ஓசூர் டைட்டன் 2002-ல் கொண்டுவந்த எட்ஜ் கைக்கடிகாரத்தில் உள்ளியந்திரம் மொத்தமுமே 1.15 மி.மீ. தடிமன்தான்.

அளவு தவறிப் போகிறதென்றால் வெயிலையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரிக்கானது. சித்திரை மாத ஷெட்டில் 35 டிகிரி இருந்தால், உங்கள் 38 மி.மீ. போர் 13 மைக்ரான் பெருத்திருக்கும். அளக்கும் கருவியும் எஃகு, அதுவும் நீளும். ஆனால் அலுமினியத்தில் பாதியளவுதான். ஆக, ஆறேழு மைக்ரான் உங்களுக்கே தெரியாமல் கைவிட்டுப் போகிறது.

ரோபோ வெட்டுமா என்றால், வெட்டும். உங்கள் 20 மைக்ரானுக்கு அல்ல. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதில் கெட்டிதான், சிறிய கோபாட் கூட 0.03 முதல் 0.05 மி.மீ.க்குள் வந்து நிற்கும். ஆனால் ஆறு மூட்டுள்ள கை, டூல் அழுத்தினால் வளைந்துகொடுக்கும், அதிரும். லேத் படுக்கையின் விறைப்பு அதற்குக் கிடையாது. பர் எடுக்க, பாலிஷ் போட அது பொருத்தம்.

ஜாப் ஏற்றி இறக்கத்தான் ரோபோ உண்மையில் பயன்படும். ஒவ்வொரு முறையும் ஒரே பிடி, கதவு ஒரே நேரம் திறந்திருக்கும், மெஷின் சூடும் ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கும், டிரேயில் தூக்கிப் போட்டு நசுங்குகிற கதையும் இல்லை. ஆனால் நல்ல ஆபரேட்டர் சொல்லாமலே செய்கிற ஒரு வேலை உண்டு: ஜாவில் ஒட்டிய சிப்பை விரலால் தடவித் துடைத்துவிட்டுத்தான் அடுத்த ஜாபை வைப்பார். ரோபோ சிப்பின் மேலேயே வைத்துவிட்டு இறுக்கச் சொல்லும். அதற்கு ஏர் புளோ வேண்டும். ஜாப் முகம் சரியாக உட்கார்ந்ததா என்று காற்றழுத்தத்தால் சோதிக்கும் சென்சார் வேண்டும். கிரிப்பர் விரலுக்கு யூரித்தேன் உறையும், தனி ரெகுலேட்டரும் வேண்டும். உங்கள் தெருவில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு போட்ட தறியைப் பார்த்திருப்பீர்கள். டிசைன் அட்டையின் வேலையை அது எடுத்துக்கொண்டது. நாடா இன்னமும் நெசவாளர் கையில்தான் ஓடுகிறது. அப்படிப் பிரித்துக் கொடுங்கள். ரோபோவுக்கு இடம் சொல்லித்தருவது உங்கள் ஆபரேட்டராகவே இருக்கட்டும். விற்பவரின் ஆள் இரண்டு நாளில் போய்விடுவார்.

1998 முதல் கார் வெளிவரும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயை உதாரணம் காட்டுவார்கள். அங்கே ஒரே பாகம் வருடக்கணக்கில் ஓடும். உங்களிடம் வாரத்துக்கு நான்கு ஜாப் மாறுகிறதென்றால், ஒவ்வொன்றுக்கும் கிரிப்பர் விரல், டிரே, புரோகிராம் எல்லாம் மாற்றுவதிலேயே ஷிப்ட் கரைந்துவிடும். இந்த வளையத்துக்கு மட்டும் ஒரு வருட ஷெட்யூலைக் கஸ்டமர் எழுத்தில் தந்தால் ரோபோவைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் கொட்டேஷனில் சென்சாரும் கிரிப்பரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரோபோ விலையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு நீட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம்.