ஒப்புகை எண் வந்தாச்சு, பதிவு பத்திரமா இருக்கா?

செல்போனில் ஒரு விண்ணப்பம் அனுப்புறீங்க. 'பதிவு செய்யப்பட்டது' என்று திரையில் வருது, ஒப்புகை எண்ணும் வருது. அதே நொடியில் சர்வருக்குக் கரண்ட் போனால் உங்கள் பதிவு நிற்குமா? அங்கே மாட்டியிருக்கும் டிஸ்க்கைப் பொறுத்த விஷயம் அது. கடை, கிளினிக், சங்கம் என்று சொந்தமாக டேட்டாபேஸ் வைத்திருக்கும் வாசகர்கள் டிஸ்க் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கணும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸ்கள், 'எழுதியாச்சு' என்று டிஸ்க் பதில் சொன்ன பிறகே உங்களுக்கு ஒப்புகை தரும். ஆனால் எஸ்எஸ்டி, வேகத்துக்காக, வந்த தரவை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நிரந்தரச் சில்லுக்கு அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். சர்வருக்கென்றே செய்த எஸ்எஸ்டிகளில் சின்ன மின்தேக்கிகள் இருக்கும். கரண்ட் போனதும், அவற்றில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை வைத்து மிச்சத்தை எழுதி முடித்துவிட்டுத்தான் டிஸ்க் அணையும். வீட்டுக் கணினிக்கான எஸ்எஸ்டிகளில் பெரும்பாலும் இந்த வசதி கிடையாது. அதனால் ஒவ்வொரு பதிவையும் சில்லில் எழுதி முடிக்கும்வரை டேட்டாபேஸ் காத்துக்கிடக்கும். அல்லது எழுதும் முன்பே 'எழுதியாச்சு' என்று டிஸ்க் சொல்லிவிடும். இரண்டாவதுதான் ஆபத்து.

ஆகவே விளம்பரத்தில் போடும் வேகத்தை விடுங்க. விவரத்தாளில் 'பவர் லாஸ் புரொடெக்‌ஷன்' இருக்கிறதா என்று பாருங்க. யூபிஎஸ் இருக்கே என்பீர்கள். சர்வரின் பவர் சப்ளையே பழுதானால், யாராவது ஒயரைக் காலால் இடறினால் யூபிஎஸ் என்ன செய்யும்?

அடுத்து, எழுதும் ஆயுள். 960 ஜிபி டிஸ்க்கில் 'ஒரு நாளுக்கு 1 முழு எழுத்து' என்று இருந்தால், உத்தரவாதக் காலம் முழுக்க தினமும் 960 ஜிபி எழுதலாம் என்று அர்த்தம். சாதாரணக் கடை பில்லிங்குக்கு இது தாராளம்.

ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமலிருக்க, இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 முறை உண்டு. இரண்டையும் ஒரே மாடலில், ஒரே நாளில் வாங்கி மாட்டுவதுதான் வழக்கம். 2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: தன்னுடைய சில எஸ்எஸ்டி மாடல்கள், ஃபர்ம்வேர் பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும். அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும், தரவையும் மீட்க முடியாது. ஃபர்ம்வேரை முன்கூட்டியே புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். முடிந்தால் இரண்டு டிஸ்க்கையும் வெவ்வேறு மாடலில் வாங்குங்க. ஃபர்ம்வேர் அறிவிப்புகளை அவ்வப்போது பாருங்க.

ரெய்டு இருக்கு என்று பேக்கப்பை விட்டுடாதீங்க. தவறுதலாக ஒரு பட்டியலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பேக்கப் வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதிலிருந்து தரவைத் திரும்ப எடுத்துப் பாருங்க.