முழங்கையும் முகப்புத் தகடும்

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பா வைத்திருந்த பழைய ஆம்ப்ளிஃபயருக்கு உயிர் கொடுத்து, புதுப் பெட்டி செய்து, 40 சென்டிமீட்டர் நீளத்தில் முகப்புத் தகடும் நீங்களே வெட்டியிருக்கிறீர்கள். குமிழ்களுக்குப் போட்ட ஐந்து துளைகளும் நூல் பிடித்தாற்போல நிற்கின்றன. அவ்வளவு நிதானமான கை தேய்த்த தகடு, கோழி கிளறிய மண்ணைப்போல ஏன் இருக்கிறது என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள். எத்தனாம் நம்பர் உப்புத்தாள் வாங்கினால் சரியாகும் என்பது உங்கள் கேள்வி. நம்பரைப் பிறகு சொல்கிறேன். உலகத்தில் உள்ள எல்லா நம்பரையும் வாங்கினாலும் இந்தக் குறை தீராது, ஏனென்றால் அது உங்கள் முழங்கையில் இருக்கிறது.

நீங்கள் மனதில் வைத்திருப்பது 1970-களின் மராண்ட்ஸ், பயனீர், சான்சுயி முகப்புகளை என்று எழுதியிருந்தீர்கள். அந்த முகப்பில் பளபளப்பு என்று ஒன்று கிடையாது. அது முழுக்க முழுக்கக் கீறல்தான். ஆயிரக்கணக்கான கீறல்கள், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றன. லிஃப்ட் கதவில் பார்க்கிறோமே, பட்டறைக்காரர்கள் ஹேர்லைன் என்று சொல்வது, அதே வேலை. மயிரிழை மாதிரிக் கோடுகள் என்பதால் அந்தப் பெயர்.

ஒளி அந்தக் கோடுகளில் விழுந்தால், கோட்டுக்குக் குறுக்கே விரியும். கோட்டின் போக்கில் விரியாது. எவர்சில்வர் மூடி ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். லேத்தில் சுற்றிய வட்டக் கோடுகள் இருந்தால், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி விரித்தாற்போல வெளிச்சம் ஓடும். மூடியைச் சுற்றினாலும் விசிறி நகராது. பழைய இசைத்தட்டிலும் இதைப் பார்க்கலாம். உங்கள் தகட்டில் எல்லாக் கோடும் நேராகப் போனால், வெளிச்சம் மேலிருந்து கீழாக ஒரு பட்டுத் துணிபோல இறங்கும். ஒரே ஒரு கோடு திசை மாறினாலும் அது மட்டும் வேறு கோணத்தில் பளிச்சென்று மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். படத்தில் இரண்டு ஓரங்களிலும் பிறை பிறையாக மின்னுவது அதுதான்.

அந்தப் பிறைகள் எங்கிருந்து வந்தன? மேசையில் தகட்டை வைத்து, எதிரே உட்கார்ந்து, இடமும் வலமுமாகத் தேய்த்திருப்பீர்கள். முழங்கை ஒரு காம்பஸ். அதை ஊன்றிக்கொண்டு கையை வீசினால் வட்டத்தின் ஒரு துண்டுதான் வரும். 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 40 சென்டிமீட்டர் நாண் இழுத்துப் பாருங்கள்: நடுவில் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வளைவு இருக்கும். கண்ணுக்கு நேராகப் போவதாகத் தோன்றினாலும் கை அப்படிப் போகாது. போதாததற்கு, ஓரத்துக்கு வந்ததும் தாளை நிறுத்தித் திருப்புகிறீர்கள். நின்ற இடத்தில் ஒரு தடம், திரும்பிய இடத்தில் ஒரு கொக்கி.

என் முதல் தகட்டிலும் இதே பிறைகள்தான் இருந்தன. ஒரு பழைய ரேடியோவுக்காகச் செய்தது. நான்கு நாள் ராத்திரி உட்கார்ந்து தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மோசமானது. துளையைப் பெரிதாக்கித் தரச் சொல்லி லேத் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த வயதான ஃபிட்டர் ஒருவர் தகட்டைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தார். "தாள் தகடு மேல நிக்கவே கூடாது தம்பி. வெளிய ஆரம்பி, வெளிய முடி" என்றார். பிறகு தகட்டின் இரண்டு முனையிலும் அதே கனத்தில் இரண்டு துண்டுத் தகடுகளை ஒட்ட வைத்து, ஒரே இழுப்பு இழுத்துக் காட்டினார். தாள் இந்தத் துண்டில் கிளம்பியது, என் தகட்டைக் கடந்தது, அந்தத் துண்டில் போய் நின்றது. நான்கு ராத்திரி கிடைக்காத கோடு அந்த ஒரு இழுப்பில் கிடைத்தது. நான் இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சொல்வதெல்லாம் அந்த இழுப்பின் விரிவுதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு நீளமான பலகையில் தகட்டை வைத்து, பின்புறம் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். இரு முனையிலும் துண்டுத் தகடுகள். முனையில் துண்டு இல்லாவிட்டால் கட்டை சரிந்து, தகட்டின் ஓரம் மழுங்கிப்போகும். தகட்டின் நீளவாட்டில் ஒரு வேலி வேண்டும்: ஜன்னல் செய்கிறவர்களிடம் மிச்சம் கிடக்கும் அலுமினியச் சதுரக் குழாய் ஒரு மீட்டர் போதும், அது மரச்சட்டத்தைவிட நேராக இருக்கும். இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். தேய்க்கும் கட்டை தகட்டின் உயரத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். உங்கள் தகடு 10 சென்டிமீட்டர் உயரம் என்றால் கட்டை 12. அப்போதுதான் ஒரே இழுப்பில் முழுத் தகடும் அடங்கும். பட்டை பட்டையாக விழாது. கட்டையின் அடியைச் சமமாக இழைத்திருக்க வேண்டும், தாளை அதில் சுருக்கமில்லாமல் இழுத்துச் சுற்ற வேண்டும்.

உட்காராதீர்கள். பலகையின் ஒரு முனையில் நின்று, கட்டையின் பக்கத்தை வேலியோடு ஒட்டி வைத்து, உடம்போடு சேர்ந்து இழுங்கள். கை அசையக் கூடாது, கால் நகரலாம். இழுத்து முடித்ததும் கட்டையைத் தூக்கி, ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுபோய் மறுபடி வையுங்கள். போகும்போதும் வரும்போதும் தேய்ப்பது முதல் கட்டத்துக்குச் சரி, கடைசிக் கட்டத்துக்குச் சரிப்படாது. அழுத்த வேண்டாம். கட்டையின் எடையும் கையின் எடையும் போதும்.

தேய்ப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. தகட்டை ஜன்னல் பட்டறையில் வாங்கினேன் என்கிறீர்கள். அது அனோடைஸ் செய்ததாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற உங்களிடம் மல்டிமீட்டர் இருக்கும். அதை கன்டினியூட்டி நிலையில் வைத்து, அதன் இரண்டு முனைகளையும் தகட்டின் மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டால் வெறும் அலுமினியம். கேட்காவிட்டால் மேலே அனோடைஸ் செய்த ஆக்சைடு தோல் இருக்கிறது; அது மின்சாரத்தைக் கடத்தாது. சுமார் 10 முதல் 25 மைக்ரான் கனம்தான் இருக்கும், ஆனால் கல்லைப்போலக் கடினம். அதைக் கையால் தேய்த்தால் ஓரிடத்தில் கிழியும், ஓரிடத்தில் நிற்கும். தேமல் படர்ந்தாற்போல ஆகிவிடும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் அந்தத் தோல் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும்தான். கூடவே அலுமினியத்தையும் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், ஒரு துளி கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. வீட்டில் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அனோடைஸ் செய்யாத, மில் ஃபினிஷ் என்று சொல்லும் 3 மில்லிமீட்டர் தகடு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

இப்போது தாள். தச்சர்கள் வைத்திருக்கும் பழுப்பு நிற உப்புத்தாளில் பெரும்பாலும் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு, அதாவது அலுமினியம் காற்றோடு சேர்ந்தால் உண்டாகும் அதே பொருள். மென்மையான உலோகம் தன் ஆக்சைடாலேயே கீறப்படுகிறது. அந்த ஆக்சைடு பூமிக்குள் படிகமாக விளைந்தால் குருந்தம். மாணிக்கமும் நீலமும் அந்தக் குருந்தத்தின் நிறம் ஏறிய வகைகள்தான். உலகத்து நிலவியல் நூல்களில் இருக்கும் கொரண்டம் என்ற பெயர் நம் குருந்தத்திலிருந்து போனது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைகளில் இன்றும் அதைக் காணலாம். உப்புத்தாளைத் தொடும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும், சந்தோஷமாக இருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது கறுப்பு நிறத் தாள், கார் பெயின்ட் அடிக்கிறவர்கள் வாட்டர் பேப்பர் என்பார்கள். அதில் இருப்பது சிலிக்கான் கார்பைடு. தண்ணீரில் ஊறினாலும் தாள் கரையாது. முதலில் 150, ஆழமான கீறல்களை எடுக்க. இதை மட்டும் குறுக்காகத் தேய்க்கலாம். பழைய கீறல் போய்விட்டதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு 220, நீளவாட்டில், குறுக்குக் கோடு ஒன்றுவிடாமல் மறையும்வரை. நீங்கள் ஆசைப்படும் ஆம்ப்ளிஃபயர் முகம் 220-லேயே கிடைத்துவிடும். இன்னும் மென்மை வேண்டுமானால் 320-ல் முடிக்கலாம். 600, 1000 என்று மேலே போகாதீர்கள். கோடு மறைந்து, கண்ணாடியும் ஆகாமல் தகடும் ஆகாமல் மங்கலாக நிற்கும்.

அலுமினியத்தின் கெட்ட குணம் ஒன்று உண்டு. அது தாளில் அப்பிக்கொள்ளும். அப்பிய துகள் உருண்டு கட்டியாகி, அடுத்த இழுப்பில் கலப்பைபோல உழுதுவிடும். பழைய ஆட்கள் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பார்கள், அது நல்ல வழிதான். இப்போது மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? சோப்புத் தண்ணீர் போதும். ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை தாளைத் தண்ணீரில் அலசுங்கள். ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுக்கும்போதும் இதே தொல்லை வரும். அரத்தின் பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் துகள் ஒட்டாது. துளைகளின் பிசிறை, துளையைவிடப் பெரிய டிரில் பிட் ஒன்றைக் கையால் திருகி எடுத்துவிடுங்கள். கடைசி இழுப்புகளுக்கு முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

புதுத் தாள் ஆழமாக வெட்டும், பழகிய தாள் மேலாக வெட்டும். நடுவில் தாளை மாற்றினால் தகட்டிலேயே அது தெரியும். புதுத் தாளைத் துண்டுத் தகட்டில் பத்து இழுப்பு பழக்கிவிட்டு, அதன் பிறகு தகட்டுக்குக் கொண்டுவாருங்கள். கடைசிப் பத்து இழுப்பும் ஒரே தாளில், ஒரே வேகத்தில்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், வயர் பிரஷ், ஏற்கெனவே இரும்பு கிரில்லைத் தேய்த்த தாள் எதுவும் இந்தத் தகட்டைத் தொடக் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்துகொள்ளும், அன்றைக்குத் தெரியாது. மழைக்காலத்தில் செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக எழும். அலுமினியத் தூளையும் சாதாரணமாக நினைக்காதீர்கள், காய்ந்த நுண்தூள் தீப்பிடிக்கும். ஈரத்தில் தேய்த்து, துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள்; கிரைண்டர் பொறி பறக்கிற இடத்தில் அதைச் சேர்த்துவைக்க வேண்டாம்.

"ஈயச்சட்டி உலோகம்தானே, இதற்கு இவ்வளவு பாடு தேவையா?" என்று வீட்டில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 1884-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் வைத்தது ஒரு சிறிய அலுமினியப் பிரமிடு, மூன்று கிலோகூட இல்லை. அன்றைக்கு அது அவ்வளவு அரிய உலோகம். 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் விலை இறங்கியது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில், 1898-ல், சென்னை ஓவியப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டார். நம் அடுப்படிக்கு அலுமினியம் வந்த வழி அது. மட்டமான உலோகம் என்று வீட்டில் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுப்படி இன்னொன்றும் கற்றுக்கொடுக்கும். வெறும் தண்ணீர் கொதிக்கவைத்த அலுமினியப் பாத்திரம் உள்ளே கறுக்கும். அதிலேயே புளி கொதித்தால் வெளுக்கும். சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்கவைக்கும். ஆகையால் தேய்த்து முடித்த தகட்டைச் சாதாரண சோப்பில் கழுவி, உடனே துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம். விரல் எண்ணெய் அந்தக் கோடுகளுக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது சிரமம்.

மேலே என்ன பூசுவது என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. கிளியர் லாக்கர் ஸ்பிரே அடித்தால் கைரேகை படாது, ஆனால் கோட்டின் உயிர் கொஞ்சம் அடங்கிப்போகும், ஓரிடத்தில் உரிந்தால் ஒட்டுப்போடவும் முடியாது. அனோடைஸ் செய்யக் கொடுத்தால் நெடுநாள் நிற்கும். அங்கே காஸ்டிக் குளியலை மிகக் குறைவாக வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பாடுபட்டுப் போட்ட கோடெல்லாம் அந்தக் குளியலில் மழுங்கிவிடும். என் விருப்பம் கார் மெழுகு, மெல்லிசாக ஒரு பூச்சு. அலுமினியம் தேய்த்த கணமே தனக்கென்று ஒரு நுண்ணிய ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்ளும். வீட்டுக்குள் இருக்கிற முகப்புக்கு அதுவும் மெழுகும் போதும். பிற்பாடு கீறல் விழுந்தாலும் மெழுகைத் துடைத்துவிட்டு மறுபடி நாலு இழுப்பு இழுத்துக்கொள்ளலாம்.

புதுத் தகடு வந்ததும் முதலில் பின்பக்கத்தில் தேய்த்துப் பழகுங்கள். அது பெட்டிக்குள் போகிற பக்கம், யாரும் பார்க்கப்போவதில்லை. திருப்தியானதும் எந்த நம்பர் தாள், எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு இழுத்தீர்கள் என்பதை அங்கேயே ஒரு மூலையில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். பென்சில் வேண்டாம்; ஈரம் பட்டால் அதன் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். எழுதிய பிறகு தகட்டைத் திருப்பிப் போட்டு, முகப்பைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்