மோட்டாருக்கேற்ற கேபிள் எது?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சிமெண்ட் ஆலையொன்றில் 500 கிலோவாட் திறனுள்ள விசிறி மோட்டார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சுவிட்ச் அறையிலிருந்து அது 400 மீட்டர் தொலைவில் நிற்கிறது. அதற்கு எந்தக் கேபிளைப் போடுவது? தாங்கக்கூடிய கேபிள்களில் விலை குறைந்தது எதுவோ அதைப் போடு என்பார்கள் பலர். இந்த விடை எவ்வளவு தூரம் சரி என்பதை நம் பாடநூலில் உள்ள ஓம் விதியையும் ஜூல் விதியையும் கொண்டே பார்த்துவிடலாம்.

முதலில் மின்னழுத்தம். மோட்டாரின் பயனுறுதிறன் 95 விழுக்காடு, திறன் காரணி 0.87 எனக் கொண்டால், 415 வோல்ட்டில் அது ஏறத்தாழ 842 ஆம்பியர் இழுக்கும். 6,600 வோல்ட்டிலோ 53 ஆம்பியர் போதும். வெப்ப இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை நினைத்தால் மற்றது தானே விளங்கும். 415 வோல்ட்டில் 240 சதுர மி.மீ. அலுமினியக் கேபிள் நான்கினை இணையாகப் போட்டாலும் வழியிலேயே 32 கிலோவாட் வெப்பமாகிப் போகிறது. மின்னழுத்தமும் 24 வோல்ட் குறைகிறது. அந்த நான்கு கேபிள்களிலும் உள்ள அலுமினியம் மட்டும் மூன்று டன்னுக்கு மேல் வரும். பெரிய மோட்டார்களுக்கு 6.6 கிலோவோல்ட் அல்லது 11 கிலோவோல்ட் கொடுப்பதன் காரணம் இதுவே.

இனி 6.6 கிலோவோல்ட் கேபிளின் பருமனுக்கு வருவோம். 53 ஆம்பியர் மிகச் சிறியது. பல கேபிள்கள் ஒரே தட்டில் நெருங்கிக் கிடப்பதால் வரும் சூட்டுக்கு இடம் விட்டாலும், 35 சதுர மி.மீ. அலுமினியம் தாராளமாகப் போதும். மோட்டார் புறப்படும்போது ஆறு மடங்கு மின்னோட்டம் பாய்ந்தாலும் மின்னழுத்த வீழ்ச்சி இரண்டு விழுக்காட்டை எட்டாது. அப்படியானால் 35 என்று எழுதி முடித்துவிடலாமா?

முடியாது. கேபிள் தாங்க வேண்டியது ஓடும் மின்னோட்டத்தை மட்டுமன்று. சுவிட்ச் அறைக்கு அருகே கேபிளில் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் 25 கிலோ ஆம்பியர் வரை பாயக்கூடும். சர்க்யூட் பிரேக்கர் அதைத் துண்டிக்க 0.2 விநாடி ஆகிறதெனக் கொள்வோம். அந்தக் கண நேரத்தில் உண்டாகும் வெப்பம் வெளியே போக அவகாசமில்லை. முழுவதும் உலோகத்திலேயே தங்கிவிடுகிறது. எக்ஸ்.எல்.பி.இ. காப்புறை உள்ள கேபிளில் கடத்தியின் வெப்பநிலை 90 டிகிரியிலிருந்து 250 டிகிரி வரை ஏறலாம். அதற்கு மேல் காப்புறை கெடும். அலுமினியத்தின் தன்வெப்பத்தையும் மின்தடைத் திறனையும் வைத்துத் தொகையிட்டால் 94 என்ற மாறிலி கிடைக்கிறது. 25,000ஐ 0.2இன் வர்க்கமூலத்தால் பெருக்கி 94ஆல் வகுத்தால் 119 சதுர மி.மீ. வருகிறது. ஆகவே 120. ஓடும்போது 35 போதுமென்று நின்ற கேபிள், ஒரு விநாடியில் ஐந்திலொரு பங்கு நேரத்துக்காக மூன்றரை மடங்கு பருக்க வேண்டியதாகிறது!

இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. பிரேக்கருக்குப் பதிலாக எச்.ஆர்.சி. ஃபியூசும் வாக்குவம் காண்டாக்டரும் வைத்தால், மின்னோட்டம் தன் உச்சத்தை அடையும் முன்னரே ஃபியூஸ் உருகிவிடும். அப்போது 35 சதுர மி.மீ. கேபிளே தப்பித்துக்கொள்ளும். விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர் உடனே இதைத்தான் தேர்ந்தெடுப்பார். 35க்கும் 120க்கும் இடையே 400 மீட்டரில் அலுமினியம் மட்டும் சுமார் 275 கிலோ வேறுபடுகிறது. கணக்கு வசதிக்காகக் கிலோ 250 ரூபாய் என்று வைத்தால், 69,000 ரூபாய் மிச்சம்.

ஆனால் மோட்டார் ஆண்டுக்கு 6,000 மணி ஓடுகிறதே! 35இல் இழப்பு 3.28 கிலோவாட், 120இல் 0.96 கிலோவாட். வேறுபாடு ஆண்டுக்குச் சுமார் 14,000 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால் 98,000 ரூபாய். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் ஓராண்டுக்குள் போய்விடுகிறது. கேபிளோ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் மண்ணுக்குள் கிடக்கப் போவது.

கேபிளின் முழு விலையும் பருமனுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். காப்புறையின் தடிப்பை மின்னழுத்தமே முடிவு செய்கிறது. மெல்லிய கடத்திக்கும் அதே தடிப்புத்தான். குழி வெட்டும் செலவும் மாறாது. என் சிற்றப்பா அவ்வேலைக்குப் போகிறவர். ஆழத்தையும் அகலத்தையும் அளந்துதான் கூலி. உள்ளே எந்தக் கேபிள் போகிறதென்று யாரும் கேட்பதில்லை என்பார்.

அப்படியானால் எதுவரை பருக்கலாம்? இக்கேள்விக்கு 1881ஆம் ஆண்டிலேயே வில்லியம் தாம்சன் விடை கூறிவிட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவரே. கடத்திக்காகும் ஆண்டுச் செலவு பரப்புக்கு நேர்விகிதம். இழப்பின் செலவு தலைகீழ் விகிதம். இரண்டின் கூட்டுத்தொகையை வகையிட்டுப் பூச்சியமாக்கினால், இரு செலவுகளும் சமமாகும் இடத்தில் மொத்தம் மிகக் குறைவு என்று வரும். முதலாண்டு மாணவரும் ஐந்து வரியில் செய்துவிடக்கூடிய கணக்கு. வட்டிக்கும் தேய்மானத்துக்குமாக ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று கொண்டு நம் மோட்டாருக்குப் போட்டுப் பார்த்தேன். உலோக விலையை மட்டும் கருதினால் 199 சதுர மி.மீ. வந்தது. பருமனோடு சேர்ந்து கவசமும் உறையும் வளர்வதை எண்ணி அச்செலவை இரட்டிப்பாக்கினால் 141. கடையில் கிடைக்கும் அளவு 150. குறுக்குச் சுற்றுக்காக வேண்டாவெறுப்பாகப் போட்ட 120, உண்மையில் சற்றுச் சிறியதே!

செம்பு போடலாகாதா என்று கேட்கலாம். குறுக்குச் சுற்றைத் தாங்க 95 சதுர மி.மீ. செம்பு போதும். எனினும் அதன் எடை 1,021 கிலோ. 120 அலுமினியமோ 389 கிலோதான். எடைக்கு எடை செம்பின் விலை அலுமினியத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆகவே உலோகச் செலவு ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. இடம் மிக நெருக்கடியான இடங்களிலும், அடிக்கடி வளைந்து நகரும் இயந்திரங்களிலும் அன்றிச் செம்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். அலுமினியத்தில் கவனம் வேண்டியது முனையில். காற்றுப் பட்டவுடன் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது; அதைச் சுரண்டிப் பசை தடவி, மோட்டாரின் செம்பு முனையோடு சேரும் இடத்தில் ஈருலோக லக் போட வேண்டும். இல்லையேல் இணைப்பு சூடேறித் தீய்ந்துவிடும்.

இவ்வளவும் நாள் முழுதும் ஓடும் மோட்டாருக்கு. அதே ஆலையில் ஆண்டுக்கு 300 மணி மட்டும் ஓடும் பம்பு ஒன்றுக்கு இதே தூரத்தில் கேபிள் போட வேண்டுமென்றால், 35க்கும் 120க்கும் உள்ள இழப்பு வேறுபாடு ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தொடுவதில்லை. அங்கே ஃபியூசும் 35 சதுர மி.மீ. கேபிளுமே சரி.