போனில் வரும் கள்ளன்



களவு என்றால் கதவை உடைப்பது, லயத்துத் தகரத்தைப் பிரிப்பது என்றுதான் நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இப்போது வருகிற கள்ளன் எதையும் உடைப்பதில்லை. நயமாகப் பேசி, நம் கையாலேயே சாவியை வாங்கிக்கொள்கிறான்.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பங்களாதேஷ் மத்திய வங்கியில் நடந்ததைக் கேளுங்கள். 2015இல் அங்குள்ள உத்தியோகத்தர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "வேலை தேடுகிறேன், என் விபரத்தை இணைத்திருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள்" என்று பணிவான கடிதம். பாவம், யாரோ வேலையில்லாத பொடியன் என்றுதானே எவரும் நினைப்பார்? திறந்து பார்த்தார்கள். அதற்குள் ஒளிந்திருந்த கள்ள புரோகிராம் வங்கிக் கணினிகளுக்குள் புகுந்துவிட்டது. கள்ளர்கள் அவசரப்படவில்லை. ஒரு வருஷம் மறைந்திருந்து, அங்கே வேலை நடக்கும் முறையைப் படித்தார்கள். 2016 பெப்ரவரி 4ஆம் திகதி, நமது சுதந்திர தினத்தன்று, வியாழக்கிழமை இரவு காரியத்தில் இறங்கினார்கள். மறுநாள் பங்களாதேஷில் விடுமுறை. அமெரிக்காவில் அந்த வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டொலரை அனுப்பும்படி, வங்கியே எழுதியதுபோலக் கட்டளைகள் போயின. பெரும்பகுதி தடுக்கப்பட்டது. 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. அதில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. இன்னொரு 2 கோடி டொலர் நம் இலங்கையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அந்தக் கட்டளையில் 'பவுண்டேஷன்' என்ற சொல் எழுத்துப் பிழையோடு இருந்தது. இடையில் இருந்த வங்கி அதைக் கண்டு, "இது சரிதானா?" என்று திருப்பிக் கேட்டது. ஒரே ஒரு கேள்வி, 2 கோடி டொலர் தப்பியது.

"எங்ககிட்ட அவ்வளவு காசு ஏது?" என்று கேட்பீர்கள். சம்பளம், அஸ்வெசும, ஈ.பி.எப். எல்லாம் இன்று வங்கிப் புத்தகத்தில்தான் விழுகிறது. அது கள்ளனுக்கும் தெரியும். "பேங்க்ல இருந்து பேசுறோம், ஒங்க கார்ட் புளொக் ஆகப் போவுது, இப்ப வந்த நம்பர சொல்லுங்க" என்பான். பயத்தைக் காட்டுவான், இல்லையென்றால் ஆசையைக் காட்டுவான். எதுவானாலும் யோசிக்க நேரம் தரமாட்டான். போனில் வரும் அந்த ஓ.டி.பி. எண் வெறும் எண்ணல்ல. வெற்றுத் தாளில் வைக்கும் கைநாட்டு மாதிரி. நம் தாத்தா பாட்டிகளுக்குக் கைநாட்டின் அருமை நன்றாகத் தெரியும்! எந்த வங்கியும் அதைப் போனில் கேட்காது.

ஈ.பி.எப். விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாம் 8 வீதமும் தோட்டம் 12 வீதமுமாகச் சேர்த்த காசு அது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். அதைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன், முதலில் இவ்வளவு அனுப்புங்கள் என்று ஒருவர் பேசினால், அவருக்கு உங்கள் பெயரும் ஈ.பி.எப். நம்பரும் தெரிந்திருந்தாலும் நம்ப வேண்டாம். தோட்டத்து ஆபிஸிலும் தொழில் திணைக்கள அலுவலகத்திலும் நேரில் கேளுங்கள்.

ஆபிஸில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "ஹெட் ஆபிஸில் இருந்து பேசுகிறேன், செக்ரோல் விபரம் அனுப்பு", "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதற்குக் காசு போடு" என்று அழைப்போ கடிதமோ வந்தால், அதில் கொடுத்திருக்கும் நம்பருக்கு எடுக்கக் கூடாது. ஆபிஸ் புத்தகத்தில் பழைய நம்பர் இருக்கும். அதற்கு எடுத்துக் கேளுங்கள். துரை கோபிப்பார் என்று பயப்படத் தேவையில்லை. கேட்டதற்காகக் கோபிக்கிற துரை இருந்தால், அது அவர் திருத்திக்கொள்ள வேண்டிய விஷயம்.

நம்பரைச் சொல்லிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நிமிஷக் கணக்கில் காசு போய்விடும். கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ள வங்கி நம்பருக்கு உடனே எடுத்துக் கார்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு கஹவத்தை பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். வந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழிக்க வேண்டாம். வீட்டில் போன் பார்க்கிற பிள்ளை தவறி நம்பரைக் கொடுத்திருந்தால், ஏச்சுப் பேச்செல்லாம் பிறகு. முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள்.