வள்ளத்தின் அடிநீர்

இயந்திர வள்ளத்தின் அடியிலே தேங்கும் நீர் வெறுங் கடல்நீரன்று. டீசலும் மசகெண்ணெயும் அதன்மேல் மிதக்கும். சவர்க்காரத் தூளிட்டு இறைத்துவிட்டால் வள்ளம் சுத்தமாயிற்றென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். சவர்க்காரம் எண்ணெயை அழிப்பதில்லை. நுண்துளிகளாக்கி நீரோடு கலக்கச் செய்கின்றது. மிதப்பதை வழித்தெடுக்கலாம், கலந்ததை யார் எடுப்பர்? மீன்குஞ்சும் இறாலும் வளரும் ஆழமற்ற யாழ்ப்பாணக் கடனீரேரியில் இத்தீங்கு பெரிது. பெருங்கப்பல்களுக்கே, பத்து இலட்சம் பங்கு நீரில் 15 பங்கெண்ணெய்க்கு மேல் வெளியேறச் சர்வதேச விதி இடங்கொடாது.

ஆதலின், இயந்திரத்தின் கீழே தட்டு வைத்து ஒழுக்கை அங்கேயே தடுத்தல் நன்று. வள்ளம் அசைவின்றிக் கிடக்கையில், நீரை விலக்கி எண்ணெயை மாத்திரம் உறிஞ்சும் பொலிப்புரோப்பிலீன் விரிப்பை மேலே பரப்புக. பின்னர் இறைக்கும்போது கடைசி வாளி நீரைக் கடலில் விடாது, பழைய எண்ணெய் சேர்க்கும் பீப்பாவில் ஊற்றுக. தொல்லைதான். ஆயினும் கரைமண்ணில் ஊற்றினால், அது சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களூடே நம் கிணறுகளைச் சேரும்.