கணினிகளுக்கிடையே வகையுடைய தரவுகளை அனுப்பும் முறை

ரயில் பயணத்திற்கு இடம் வேண்டுவோர் தம் பெயர், வயது, பயண நாள் முதலியவற்றைக் கைப்பேசியிலேயே குறித்து அனுப்புகின்றனர். தொலைவிலுள்ள கணினியொன்று அவற்றை ஏற்று விடையளிக்கிறது. இந்திய ரயில்வேயின் இணையவழிப் பயணச்சீட்டு விற்பனை 2002ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இத்தகைய ஏற்பாட்டில் வேண்டுகோள் விடுப்பது கிளையண்ட் நிரல் என்றும், விடையளிப்பது சர்வர் நிரல் என்றும் வழங்கப்படும். இவ்விரண்டும் வெவ்வேறு கணினி மொழிகளில் எழுதப்பட்டிருக்கலாம். எனினும் ஒன்று கூறுவதை மற்றொன்று பிழையின்றி அறிதல் வேண்டும். அஃது எவ்வாறு இயலும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வகையும் உருப்படியும்

எண், எழுத்துத் தொடர் ஆகிய எளிய வகைகள் கணினி மொழிகளில் இயல்பாகவே அமைந்துள்ளன. நிரல் எழுதுவோர் இவற்றை இணைத்துப் புதிய வகைகளை வகுத்துக்கொள்வர். ‘பயணி’ என்பது அத்தகையதொரு வகை எனக் கொள்க. பெயர் எழுத்துத் தொடராகவும், வயது முழு எண்ணாகவும், பயண நாள் தேதியாகவும் அதில் அமையும். அவ்வகையில் அமைந்த ஒவ்வொரு தொகுப்பும் ஆப்ஜெக்ட், அதாவது உருப்படி, எனப்படும்.

உருப்படியின் பகுதிகள் நினைவகத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. பெயர் ஓரிடத்தில் இருக்க, உருப்படியில் அவ்விடத்தின் முகவரி மட்டுமே இருத்தல் கூடும். அம்முகவரி பிறிதொரு கணினிக்குப் பயன்படாது. வெளியூர் நண்பருக்கு, ‘எம் அலமாரியின் மூன்றாம் தட்டிலுள்ள நூலைப் படிக்க’ என்று கடிதம் எழுதுவதால் பயன் என்ன? நூலையே அனுப்புதல் வேண்டும்.

தொடராக்கமும் மீளாக்கமும்

ஆகவே, அனுப்பும் நிரல் உருப்படியின் எல்லாப் பகுதிகளையும் திரட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் பைட்டுகளின் வரிசையாக மாற்றுகிறது. இது தொடராக்கம் எனப்படும். பெறும் நிரல் அவ்வரிசையைக் கொண்டு, தன் மொழிக்கேற்ற புதிய உருப்படியை ஆக்கிக்கொள்கிறது. இது மீளாக்கம் ஆகும். உண்மையில் உருப்படி பயணம் செய்வதில்லை. அதனைப் பற்றிய விவரிப்பே பயணம் செய்கிறது.

விவரிப்பின் ஒழுங்கு இரு முனைகளுக்கும் பொதுவாக இருத்தல் இன்றியமையாதது. 258 என்னும் எண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதினால் 1, 2 என அமையும். சிலவகைக் கணினிகள் இவற்றைத் தலைகீழாக 2, 1 என வைக்கின்றன. முன்னேற்பாடின்றிப் படித்தால் 258 என்பது 513 ஆகிவிடும். இத்தகைய வேறுபாடுகளைப் போக்கும் பொருட்டு, பைட்டுகளின் ஒழுங்கை வரையறுக்கும் எக்ஸ்.டி.ஆர். என்னும் முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்டது.

பெருவழக்கிலுள்ள ஜேசன் முறையில் ஒவ்வொரு பகுதியும் தன் பெயருடன் எழுத்து வடிவில் செல்கிறது. மனிதரும் அதனைப் படித்தறியலாம். ஆனால் தேதிக்கென அதில் தனி வகை இல்லை. 05-06-2025 என்பது ஜூன் மாதமா, மே மாதமா என்ற ஐயம் எழக்கூடும். ஆகவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுவதென முன்கூட்டியே உடன்படுதல் நன்று. கூகுள் நிறுவனம் 2008இல் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் முறையிலோ ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண் உண்டு. பிற்காலத்தில் புதிய பகுதி சேர்ந்தால் அதற்குப் புதிய எண் தரப்படும். பழைய நிரல்கள் தாம் அறியாத எண்ணைக் கடந்து செல்லும். நீக்கப்பட்ட பகுதியின் எண்ணை மீண்டும் வழங்குதல் ஆகாது.

உடன்பாடு பிறழ்ந்தால்

எண் மட்டும் சரியாகச் சென்றடைந்தால் போதாது என்பதற்குச் செவ்வாய்க் கோளை ஆராய அனுப்பப்பட்ட விண்கலம் ஒன்று சான்றாகும். மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் அக்கலத்தை நாசா 1998 டிசம்பரில் செலுத்திற்று. தரையிலிருந்த ஒரு நிரல், கலத்தின் சிறு உந்துகைகளை பவுண்டு-விசை வினாடி அலகில் கணித்துக் கோப்பில் எழுதிற்று. அக்கோப்பைப் பயன்படுத்திய நிரல் அவற்றை நியூட்டன் வினாடியெனக் கொண்டது. முன்னது பின்னதைப்போல் ஏறத்தாழ 4.45 மடங்காகும். அலகு இன்னதென உணர்த்தும் குறிப்பு எண்ணுடன் செல்லாமையால் பாதைக் கணிப்பு பிறழ்ந்தது. 1999 செப்டம்பர் 23ஆம் நாள் கலம் இழக்கப்பட்டது.

வேறொரு தீங்கும் உண்டு. வரும் பைட்டுகளே எவ்வகை உருப்படியை ஆக்கவேண்டுமெனக் கட்டளையிட இடமளித்தால், தீயோர் புனைந்த வரிசை சர்வரில் வேண்டாத செயல்களை நிகழ்த்தக்கூடும். ஆகையால் பெறும் நிரல், தான் முன்னரே அறிந்த வகைகளை மட்டும் ஏற்று, ஒவ்வொரு மதிப்பையும் சோதித்தல் வேண்டும். வயது எதிர்ம எண்ணாயின் அதனைத் தள்ளுதலே முறை.

பகுதிகளின் பெயர், வகை, அலகு, வரிசை ஆகியவற்றை இரு முனையினரும் முதலில் எழுத்தில் வரையறுத்து, அதன் பின்னரே நிரலை எழுதத் தொடங்குவது நலம் பயக்கும்.